பாலத்துக் காவலன்: பூச்சியம்

வெள்ளிக்கிழமை பின்னேரம்
காப்புறுதிக் கம்பனியின் ஒன்பதாம் மாடியில்
ஒரு லொறி கவிழ்வதற்கான சாத்தியத்தைக்
கணக்குப் போட்டு முடித்துவிட்டு
அதே எக்செல் கோப்பில் இன்னொரு பக்கம் திறக்கிறேன்.
ஆறு கோப்ளின். ஒவ்வொன்றுக்கும் ஐம்பது புள்ளி.
கூட்டமாய் வந்தால் இரண்டால் பெருக்கு.
அறுநூறு.
என் ஆட்கள் நாலு பேர், ஐந்தாம் படிநிலை.
முடிவு: எளிது.
கட்டத்துக்குப் பச்சை பூசினேன்.

சனிக்கிழமை வெள்ளவத்தையில் லிஃப்ட் வேலை செய்யவில்லை.
ஆறு மாடி ஏறி வந்த டிலந்தவின் மூச்சுக்கு
என் அட்டவணையில் நிரல் இல்லை.
ஃபஸ்லியா ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி முடித்து
தூங்காமல் வந்திருந்தாள்;
காயம் ஆற்றும் மந்திரம் மூன்று மிச்சமிருந்தும்
மறந்துபோய்
கைத்தடியால் அடித்துக்கொண்டிருந்தாள்.
எளிது அவர்களைச் சுற்றி வளைத்தது.
மரிசெலின் வாள்வீரன் விழுந்தான், மயிரிழையில் எழும்பினான்.
இருபது முகப் பகடை நாலு தரம் ஒன்று காட்டிற்று,
ஐந்தாம் தரம் அலுமாரிக்கடியில் ஓடி
தன் முகத்தை ஒளித்துக்கொண்டது.

டிராகனுக்கோ சிவப்புப் பூசியிருந்தேன்.
இரண்டு இரவு விழித்து அதன் பற்களை எழுதியிருந்தேன்.
தர்சிகன் எறிந்த ஒற்றை வலைக்குள்
ஐஸ் பெட்டி வாளைமீன்போலச் சுருண்டது.
ரோல்ஸ் ஆறுவதற்குள் எல்லாம் முடிந்தது.
நானும் சேர்ந்து சிரித்தேன். கொஞ்சம் வலித்தது.

பிறகுதான் பாலம்.
அது வெறும் வழி.
பாலத்தில் ஒரு காவலன், காவலனிடம் ஒரு விளக்கு.
ஆயுதம்கூட எழுதவில்லை.
குரலைத் தடிப்பாக்கி, சும்மா ஒரு பாவனைக்குக் கேட்டேன்:
பெயர்?
எங்கேயிருந்து?
இங்கே யார் வீட்டில் தங்குகிறீர்கள்?

மரிசெல் சொல்லிவிட்டுக் கடந்தாள்.
டிலந்த ஊர்ப்பெயரோடு ஒரு பகிடியும் விட்டுக் கடந்தான்.
தர்சிகன் சொல்லவில்லை.
தன் வில்லாளிக்கு மூன்று பக்கப் பூர்வீகம் எழுதியவன்,
குதிரையின் தாயின் பெயர்வரை தெரிந்தவன்.
அவன் கை சட்டைப்பைக்குப் போனது,
உண்மையான சட்டைப்பைக்கு,
பர்ஸின் மேல் நின்றது.
தன் முறை வராத ஃபஸ்லியா
முக்காட்டின் ஓரத்தை ஒருதரம் இழுத்துவிட்டு
பிளேன்டீயை அவன் பக்கம் நகர்த்தினாள்.
கீழே ரயில் தெஹிவளைப் பக்கம் போயிற்று.
மேசைமேல் ஈயப் பொம்மைகள் கொஞ்சம் இடம் மாறின.

காவலன் கொட்டாவி விடுகிறான், என்றேன் அவசரமாய்,
விளக்கை இறக்குகிறான், போகச் சொல்கிறான்.

"இல்லை," என்றான் தர்சிகன். "அப்படி விடமாட்டான்.
உருட்ட வேணும்."

எத்தனைக்கு மேல் விழ வேண்டுமென்று
சொல்வது என் வேலை.
சம்பளத்துக்கும் அதைத்தான் செய்கிறேன்.
திரைக்குப் பின்னால் பென்சிலைக் கடித்தேன்.
டிலந்தவுக்கு அங்கே ஒன்று விழுந்தாலே போதும்.
அதே பாலம். அதே விளக்கு.

"பதினேழு வை," என்றான் அவனே.

பன்னிரண்டு விழுந்தது.

அக்கரையில் நின்ற தன் வாள்வீரனை
ஒரு வார்த்தை பேசாமல் மரிசெல் தூக்கி
இக்கரையில் வைத்தாள்.
டிலந்த கொஞ்சம் பிந்தினான்,
சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்தான், பிறகு தானும்.
அன்றிரவு கதை நகரவில்லை.
ஆற்றோரம் நெருப்பு மூட்டி
இல்லாத முயலைச் சுட்டு
பதினொன்றரை வரை பேசினார்கள்,
பாலத்தைப் பற்றி அல்ல.

திங்கட்கிழமை லொறிக்கு முன்னால்
அந்தக் கட்டத்தைத் திறந்தேன்.
பூச்சியத்தை அழித்தேன்.
கர்சர் இமைத்துக்கொண்டிருக்கிறது.
ஆருக்கு என்று கேட்காமல்
அது ஒரு எண்ணைக் கேட்கிறது.